வாக்கியத்தின் அச்சு

எங்கள் வாலாஜாபாத் பங்கில் ஞாயிறு மாலைகளில் இளைஞர் சிலர் கூடி ஆங்கிலம் பேசிப் பழகுவது வழக்கம். அவர்களுள் பெரும்பாலோர் ஒரகடம், திருப்பெரும்புதூர்ப் பகுதிகளிலுள்ள தொழிற்சாலைகளில் பணியாற்றுபவர்கள். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படிப்பை முடித்தவர்கள். எந்திரத்தைப் பிரித்துப் பூட்ட அவர்களுக்குத் தெரியும். பழுது எங்கே என்று ஓசையைக் கேட்டே சொல்லவும் தெரியும். ஆனால் அந்தப் பழுதை மேலாளர்முன் நின்று இரண்டு ஆங்கில வாக்கியங்களில் எடுத்துரைக்க வேண்டுமென்றால் நா எழுவதில்லை.

ஒரு மாலை அவர்களுள் ஒருவர், முந்தைய வாரம் தாம் வேலைக்குப் போக முடியாமற்போன காரணத்தை ஆங்கிலத்தில் சொல்ல முயன்றார். “டு மீ ஃபீவர்” என்றார். ‘எனக்குக் காய்ச்சல்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிட்டார். உடனிருந்தோர் சிரித்தனர். நானும் புன்னகைத்துவிட்டேன். அதன்பின் அன்று அவர் வாய் திறக்கவில்லை; அடுத்த இரண்டு ஞாயிறுகளும் வரவுமில்லை.

அந்தப் புன்னகை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நான் செய்தது அன்புக் குறைவு மட்டுமன்று. அறியாமையுங்கூட என்பது பின்னர்தான் விளங்கிற்று. ஏனெனில் அந்த இளைஞர் இடறிய அதே ‘எனக்கு’ என்னும் சொல்லில், ஏறத்தாழ 480 ஆண்டுகளுக்கு முன் ஒரு புனிதரும் இடறியிருக்கிறார். அதுவும் விசுவாச அறிக்கையிலேயே இடறியிருக்கிறார். அந்த வரலாற்றையும், அதனோடு ஒட்டி ஆங்கிலம் நம்மிடம் வந்து சேர்ந்த வரலாற்றையும் வாசகர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முத்துக்குளித்துறையில் ஓர் இடறல்

புனித பிரான்சிஸ் சவேரியார் 1542 மே மாதத்தில் கோவாவில் வந்திறங்கினார். அதே ஆண்டின் இறுதிப் பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கே திருமுழுக்குப் பெற்றிருந்த பரதவ மக்களுக்குச் செபங்களைக் கற்பிக்க ஆளில்லை. சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. தம் தாய்மொழி பாஸ்கு என்றும், மக்களின் தாய்மொழி மலபார் என்றும், ஆகவே ஒருவரையொருவர் புரிந்துகொள்ள இயலவில்லை என்றும் 1544 சனவரியில் உரோமையிலிருந்த உடன்பிறவாச் சகோதரர்களுக்கு அவர் எழுதினார். அக்காலப் போர்த்துகீசியர் தமிழையே மலபார் மொழி என்று அழைத்தனர்.

எனினும் அவர் சோர்ந்துவிடவில்லை. இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களைத் திரட்டி, சிலுவை அடையாளம், விசுவாச அறிக்கை, பத்துக் கட்டளைகள், கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை செபம் ஆகியவற்றைத் தமிழில் பெயர்க்கச் செய்தார். பெயர்த்தவற்றை மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு தெருத்தெருவாய்ச் சென்று பிள்ளைகளை அழைத்துக் கற்பித்தார். பொருள் தெரிந்தும் தெரியாமலும் நாவில் ஏற்றிக்கொண்ட அந்தச் சொற்களை நம்பியே ஒரு கடற்கரை முழுவதும் செபிக்கக் கற்றது.

1544-இல் அவர் தம் உடனுழைப்பாளராகிய பிரான்சிஸ்கு மான்சிலாஸுக்கு எழுதிய மடல்களுள் ஒன்றில் ஒரு திருத்தம் காணப்படுகிறது. விசுவாச அறிக்கையில் ‘எனக்கு வேணும்’ என்று சொல்லிவருகிறீர்களே, அதை விட்டுவிட்டு விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லைச் சொல்லுங்கள். ‘வேணும்’ என்றால் விரும்புகிறேன் என்று பொருள். நமக்குத் தேவையானது நம்புகிறேன் என்னும் பொருள் என்பதே அத்திருத்தத்தின் சாரம். ஆக, அதுவரை அந்த எளிய மக்கள் எல்லாம் வல்ல தந்தையை ‘விசுவசிக்கிறேன்’ என்பதற்குப் பதிலாக ‘எனக்கு வேண்டும்’ என்றே செபித்துவந்திருக்கின்றனர்!

இறைவன் அந்தச் செபத்தையும் ஏற்றுக்கொண்டிருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர் வேண்டும் என்பதும் ஒருவகை விசுவாசந்தானே. ஆயினும் அந்தப் பிழை ஏன் நேர்ந்தது, நேர்ந்தபின் ஏன் உடனே கண்ணில் படவில்லை என்று எண்ணிப் பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

இரண்டு அச்சுகள்

பாலாற்றங்கரையில் வாழும் நமக்குச் செங்கல் அறுப்பது தெரிந்த தொழில். மண் எங்கிருந்து வந்தாலும், அச்சில் இட்டு எடுத்தால் ஒரே வடிவம் கிடைக்கிறது. மொழியிலும் அப்படியே. நாம் நாள்தோறும் பேசும் வாக்கியங்கள் எண்ணிறந்தவை. அவற்றின் அச்சுகளோ சிலவே. சொற்கள் மாறிக்கொண்டே இருக்கும்; அச்சு மாறாது. தாய்மொழியில் அந்த அச்சை நாம் பார்ப்பதே இல்லை. கண்ணாடி அணிந்தவர் கண்ணாடியைப் பார்ப்பதில்லை அன்றோ?

தமிழில் ‘நான் நடக்கிறேன்’, ‘நான் எழுதுகிறேன்’, ‘நான் விசுவசிக்கிறேன்’ என்பன ஓர் அச்சு. இங்கே நான் செய்பவன். என் செயலுக்கேற்ப வினை ‘ஏன்’ என்று முடிகிறது. ஆனால் ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்குத் தெரியும்’, ‘எனக்குப் புரிகிறது’, ‘எனக்குப் பிடிக்கும்’, ‘எனக்கு வேண்டும்’, ‘எனக்குக் காய்ச்சல்’ என்பன வேறோர் அச்சு. இங்கே நான் செய்பவன் அல்லன். ஏதோ ஒன்று என்னிடம் வந்து சேருகிறது. நான் அதைப் பெறுபவன். பசியும் காய்ச்சலும் விருப்பமும் நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை என்பதைத் தமிழ் தன் நான்காம் வேற்றுமையிலேயே பொதிந்து வைத்திருக்கிறது.

போர்த்துகீசியத்திலும் இலத்தீனிலும் விரும்புகிறேன், நம்புகிறேன் என்னும் இரண்டும் ஒரே அச்சில் வார்த்த சொற்கள். இரண்டிலும் நான்தான் செய்பவன். ஆங்கிலத்திலும் ‘ஐ வான்ட்’, ‘ஐ பிலீவ்’ என்பன ஒரே அச்சே. அந்த மொழிகளின் கண்ணாடி வழியே பார்ப்பவருக்கு, தமிழில் இவை இரண்டும் வெவ்வேறு அச்சுகளில் நிற்கின்றன என்பது தோன்றாது. தோன்றாத இடத்திலேதான் இடறல் நேர்கிறது. மாந்தருக்கிடையே நேரும் மனவேறுபாடுகள் பலவும் இத்தகையனவே.

கேட்டுக் கற்றவர்கள்

இந்த இடறலுக்கு மருந்து கண்டவர் என்றிக்கே என்றிக்கஸ் அடிகளார். அன்றிக் அடிகளார் என்றும் இவரைத் தமிழில் வழங்குவர். 1520-இல் போர்த்துகல் நாட்டு விலா விசோசாவில் பிறந்த இவர், 1546-இல் இந்தியா வந்து, அடுத்த ஆண்டு முத்துக்குளித்துறையை அடைந்தார். 1600-இல் இறக்கும்வரை இந்தக் கடற்கரை மக்களோடே வாழ்ந்தார்.

தொடக்கத்தில் இவரும் மொழிபெயர்ப்பாளரை நம்பியே பேசினார். பின்னர் இரவு பகலாய் முயன்று, மக்கள் பேசும் பேச்சைக் கேட்டுக் குறித்து, அவற்றில் திரும்பத் திரும்ப வரும் வடிவங்களைத் தொகுக்கத் தொடங்கினார். இறந்தகாலத்தில் வினை எப்படி மாறுகிறது, எதிர்காலத்தில் எப்படி மாறுகிறது, வேற்றுமைகள் எப்படி ஏறுகின்றன, வாக்கியத்தில் எது முன்னே வரும், எது பின்னே வரும் என்றெல்லாம் அறிந்துகொண்டதை 1548-இல் எழுதிய மடலில் அவர் விவரிக்கிறார். காலமும் இடமும் பிசகாமல் ஓர் அயல்நாட்டார் பேசுவதைக் கேட்டு மக்கள் வியந்தனராம். 1549 அளவில் அது ஓர் இலக்கண நூலாக உருப்பெற்றது. ஐரோப்பியர் ஒருவர் எழுதியனவாக நமக்குக் கிடைத்துள்ள தமிழ் இலக்கணங்களுள் அதுவே மிகப் பழையது. அதன் கையெழுத்துப் படி லிஸ்பன் நகரில் காக்கப்பட்டு, 1982-இல் பதிப்பிக்கப்பெற்றது. ஆங்கில மொழிபெயர்ப்பு 2013-இல் வெளிவந்தது.

அவர் கையில் முன்மாதிரியாக இருந்தவை இலத்தீன் இலக்கணமும், ஜோவான் டி பாரோஸ் 1540-இல் வெளியிட்ட போர்த்துகீசிய இலக்கணமுமே. அந்த அயல் அச்சில்தான் தமிழை முதலில் வைத்துப் பார்த்தார். ஆனால் அச்சில் அடங்காததை வெட்டி எறியவில்லை. தெருவில் கேட்ட பேச்சுக்கு முதலிடம் தந்தார். அந்த உழைப்பின் பயனாகவே 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ வெளிவந்தது. பதினாறே பக்கங்கள் கொண்ட அச்சிறு நூல், இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல். வாக்கியத்தின் அச்சைக் கண்டவருக்கே எழுத்தின் அச்சும் வாய்த்தது.

ஏறத்தாழ 180 ஆண்டுகள் கழித்து அதே வழியில் நடந்தவர் வீரமாமுனிவர். 1680-இல் இத்தாலியில் பிறந்த அவர் ‘தேம்பாவணி’ பாடிய பெரும்புலவர் என்பதை நாம் அறிவோம். ஆனால் அப்பெரும்புலவர், எளிய மக்களின் பேச்சுக்கெனத் தனியே ஓர் இலக்கணத்தை 1728-இல் இலத்தீனில் எழுதினார் என்பதை நம்மில் பலர் நினைப்பதில்லை. கொடுந்தமிழ் இலக்கணம் எனப்படும் அந்நூலைத் தரங்கம்பாடியிலிருந்த லூத்தரன் சபையாரின் அச்சகம் 1738-இல் வெளியிட்டது. சமயப் பிணக்கு மிகுந்திருந்த காலத்தில், எதிரணியாரே அச்சிட்டு எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அது பயன்பட்டது.

புதிதாய் வரும் குருக்கள் மக்களின் பேச்சைப் பழகுவதற்கென்றே அவர் பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார். அறிவிலிகளான குருவும் சீடரும் செய்யும் கோமாளித்தனங்களைப் படித்து நாம் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பினூடே அன்றாட வாக்கிய அமைப்புகள் மாணவனின் காதில் தாமாக ஏறும் என்பது முனிவரின் கணக்கு. சிரிப்பு கற்பவனை நோக்கியதன்று. கற்பவனும் சேர்ந்து சிரிப்பது. நான் செய்த தவற்றுக்கும் அவர் கண்ட வழிக்கும் இடையே உள்ள தொலைவை எண்ணி வெட்கமுற்றேன்.

ஆங்கிலம் வந்த வழி

இனி, எதிர்த்திசையில் வருவோம். அவர்கள் நம் மொழியைக் கற்றார்கள். நாம் ஆங்கிலத்தைக் கற்ற விதம் எத்தகையது?

ஆங்கிலம் வாலாஜாபாத்துக்குப் புதிதன்று. வாலாஜா நவாப் முகமது அலியின் பெயரைத் தாங்கிய இவ்வூர், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆங்கிலக் கம்பெனியின் படைமுகாமாக விளங்கியது. கட்டளையின் மொழியாகவே ஆங்கிலம் இங்கு முதலில் ஒலித்தது. பின்னர் 1835-இல் மெக்காலேயின் குறிப்பும், 1854-இல் உட்டின் கல்வி அறிக்கையும், 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகமும் வந்தன. ஆங்கிலம் உத்தியோகத்தின் மொழியாயிற்று; தேர்வின் மொழியாயிற்று; தேறாதவரை வெளியே நிறுத்தும் வாயிற்காவலாகவும் ஆயிற்று.

அதைக் கற்பித்த முறையில் ஒரு வேடிக்கை உண்டு. ஆங்கிலேயர் தம் மொழிக்கு இலக்கணம் எழுதியபோது இலத்தீனைப் பார்த்தே எழுதினர். 1795-இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய லின்ட்லி மரேயின் இலக்கணம் அந்த மரபைச் சேர்ந்தது. வாக்கியத்தை ‘ஃபார்’, ‘வித்’ போன்ற சொற்களில் முடிக்கலாகாது என்னும் விதி இலத்தீன் வழக்கின் நிழல். ஆனால் ஆங்கிலேயர் வீட்டிலும் கடையிலும் ‘வாட் ஆர் யூ லுக்கிங் ஃபார்?’ என்றே கேட்டார்கள். புத்தகத்தின் ஆங்கிலம் ஒன்று. வாழ்வின் ஆங்கிலம் மற்றொன்று.

வட இந்தியாவில் கல்வித்துறை இயக்குநராக இருந்த நெஸ்ஃபீல்டு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய இலக்கண வரிசையும், பம்பாய் மாகாணத்தில் கல்விப் பணியாற்றிய ரென், மார்ட்டின் என்பவரோடு சேர்ந்து 1930-களில் தந்த நூலும் இந்நாட்டுப் பள்ளிகளில் வேரூன்றின. அவை உழைத்து எழுதிய நூல்கள்; பயனற்றவை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மாணவன் அவற்றில் வாக்கியத்தைப் பிரித்துப் பெயரிடக் கற்றான். வாக்கியத்தைப் பேசக் கற்கவில்லை. நீச்சலின் விதிகளைக் கரையில் அமர்ந்து ஒப்புவித்தவன் போலானான்.

தொலைபேசியில் கேட்ட இலக்கணம்

மாற்றம் வந்தது இங்கிலாந்திலிருந்தன்று, ஜப்பானிலிருந்து. ஹெரால்டு பாமர் என்னும் ஆங்கிலேயர் 1922-இல் ஜப்பான் சென்று, டோக்கியோவில் ஆங்கிலம் கற்பித்தல் பற்றிய ஆய்வு நிறுவனம் ஒன்றை நடத்தினார். 1924-இல் பேச்சு ஆங்கிலத்திற்கென்றே ஓர் இலக்கணம் வெளியிட்டார். அவரோடு சேர்ந்து உழைத்த ஆல்பர்ட் ஹார்ன்பி, ஜப்பானிய மாணவர் எங்கெங்கே இடறுகிறார்கள் என்று கவனித்தார். அகராதியில் சொல்லின் பொருள் இருக்கிறது. ஆனால் அச்சொல் எந்த அச்சில் பொருந்தும் என்பது இல்லையே என்று கண்டார். ஆங்கில வினைகள் அமையும் வாக்கிய வடிவங்களை 25 என வகுத்து, ஒவ்வொரு வினையின் அருகிலும் அதற்குரிய எண்ணைக் குறித்து ஓர் அகராதியை உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1942-இல், டோக்கியோவில் அது வெளிவந்தது. பின்னர் 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு அச்சகத்தின் வழியாக உலகெங்கும் சென்றது.

ஓர் எடுத்துக்காட்டு. ‘ஐ டோல்டு ஹிம் டு கம்’ என்பது சரி. ‘ஐ ஆஸ்க்டு ஹிம் டு கம்’ என்பதும் சரி. அதே அச்சில் ‘ஐ சஜெஸ்டெட் ஹிம் டு கம்’ என்று சொன்னால் ஆங்கிலேயர் காதில் அது இடிக்கிறது. ‘கிவ் மீ த புக்’ சரி. ‘எக்ஸ்ப்ளெயின் மீ த லெசன்’ சரியன்று, ‘எக்ஸ்ப்ளெயின் த லெசன் டு மீ’ என்றே சொல்ல வேண்டும். இதற்கு அறிவுபூர்வமான காரணம் தேடிப் பயனில்லை. அம்மக்கள் அப்படிப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். கற்பவன் அதைக் கேட்டுத்தான் பெற வேண்டும்.

அமெரிக்காவில் சார்லஸ் ஃபிரீஸ் என்னும் பேராசிரியர் இன்னும் ஓரடி முன்னே சென்றார். மிஷிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில் சாதாரண மக்கள் தொலைபேசியில் பேசிய ஏறத்தாழ 50 மணி நேர உரையாடல்களைப் பதிவுசெய்து, அவற்றில் திரும்பத் திரும்ப வரும் வாக்கிய வடிவங்களை ஆராய்ந்து, 1952-இல் நூலாக வெளியிட்டார். இலக்கணத்தின் சான்று பெரும்புலவரின் நூலன்று. காய்கறி விலையையும் உறவினர் நலத்தையும் பேசும் பொதுமக்களின் வாயே என்பது அவர் துணிபு. முத்துக்குளித்துறையில் 400 ஆண்டுகளுக்கு முன் என்றிக்கஸ் அடிகளார் காதால் செய்த வேலையை அவர் கருவியால் செய்தார் என்று சொல்லலாம்.

சென்னையின் பனிப்பந்து

இந்தப் புதிய முறை 1950-களில் சென்னை மாநிலத்துப் பாடத்திட்டத்தில் இடம்பெற்றது. விதிகளை ஒப்புவிப்பதை விட்டு, எளியதிலிருந்து அரியதற்கு என வரிசைப்படுத்திய வாக்கிய வடிவங்களைப் பேசிப் பழக்குவதே அதன் நோக்கம். ஆனால் கற்பிக்க ஆசிரியர்கள் ஆயத்தமாக இல்லை. ஆகவே 1959-இல் ஒரு பேரியக்கம் தொடங்கியது. தேர்ந்த சிலருக்குப் பயிற்சியளிப்பது, அவர்கள் மேலும் பலருக்குப் பயிற்சியளிப்பது, அவர்கள் ஊரூராய்ச் சென்று மற்றவர்க்கு அளிப்பது என 27,000 ஆசிரியர்களை எட்டும் திட்டம் அது. உருள உருளப் பெருக்கும் பனிப்பந்துக்கு அதை ஒப்பிட்டனர். பனியே காணாத சென்னைக்கு அப்பெயர் வந்தது ஒரு விந்தை.

நல்ல நோக்கம், அரிய உழைப்பு. ஆனால் கைமாறிக் கைமாறி வந்த எதற்கும் நேர்வது இதற்கும் நேர்ந்தது. எங்கள் தலைமுறை தொடக்கப் பள்ளியில் அமர்ந்தபோது, ஆசிரியர் பேனாவை உயர்த்திப் பிடித்து ‘திஸ் இஸ் எ பென்’ என்பார். ஐம்பது குரல்கள் திருப்பிச் சொல்லும். அது பேனா என்பதை அறியாதவர் அந்த அறையில் எவருமில்லை. யாரும் யாருக்கும் எதையும் சொல்லாமலே வாக்கியம் மட்டும் ஒலித்தது. அச்சு இருந்தது, இட்டு அறுக்க மண் இல்லை.

இக்குறையை உணர்ந்து மாற்று வழி தேடியவர் என்.எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் உள்ளிட்ட இடங்களின் சாதாரணப் பள்ளிகளில் அவர் ஒரு சோதனை நடத்தினார். மாணவர்க்கு வாக்கிய வடிவம் எதையும் ஒப்புவிக்கச் சொல்லவில்லை. இரயில் கால அட்டவணையைக் கொடுத்து எந்த வண்டியில் போகலாம் என்று கண்டறியச் சொன்னார். வரைபடத்தைக் கொடுத்து வழி சொல்லச் சொன்னார். மனம் பொருளில் ஊன்றியிருக்கும்போது வாக்கிய அமைப்பு தானே உள்ளே படிகிறது என்பது அவர் கொள்கை. உலகெங்கும் மொழிக்கல்வியாளர் இன்றும் எடுத்துப் பேசும் சோதனை அது. அது நடந்த இடம் நம் பக்கத்துப் பள்ளிகளே என்பது நமக்குப் பெருமை.

இவ்வுண்மையைத் திருச்சபையின் பேராசான் ஒருவர் 1,600 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்கிறார். புனித அகுஸ்தீனார் தம் ‘ஒப்புரவுகள்’ நூலின் முதற்பகுதியில் தம் பள்ளி நாள்களை நினைவுகூர்கிறார். கிரேக்கத்தை அடிக்கும் மிரட்டலுக்கும் அஞ்சிக் கற்றதால் வெறுத்ததாகவும், இலத்தீனையோ செவிலியரின் கொஞ்சல்களுக்கும் விளையாட்டுக்கும் இடையே அச்சமின்றிக் கற்றதாகவும் எழுதுகிறார். கட்டாயத்தைவிட ஆர்வமே மொழியைக் கற்பிக்கும் நல்லாசிரியன் என்பது அவர் கண்ட முடிவு. அச்சம் இருக்கும் இடத்தில் அச்சு படிவதில்லை.

ஒரகடத்தில் சந்திக்கும் மொழிகள்

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். 1996-இல் ஹூண்டாய் நிறுவனம் இங்கு வந்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் அதன் ஆலை கார்களை உற்பத்தி செய்யத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. அவற்றைத் தொடர்ந்து உதிரிபாக நிறுவனங்கள் பலவும் வந்தன. கொரியரும் ஜப்பானியரும் நம் இளைஞரோடு தோளொட்டி உழைக்கும் சூழல் உருவாயிற்று.

இங்கே நான் வியக்கும் ஒரு செய்தி உண்டு. தமிழில் வினை வாக்கியத்தின் இறுதியில் வருகிறது: ‘நான் கதவைத் திறந்தேன்.’ கொரிய மொழியிலும் அப்படியே; ஜப்பானிய மொழியிலும் அப்படியே. ‘கதவை’, ‘வீட்டில்’ என்று நாம் உருபைச் சொல்லுக்குப் பின்னே சேர்ப்பதுபோலவே அவர்களும் பின்னே சேர்க்கிறார்கள். புனித சவேரியாரின் தாய்மொழியாகிய பாஸ்குங்கூடப் பெரும்பாலும் வினையை இறுதியில் வைக்கும் மொழியே. ஆங்கிலம் ஒன்றே வினையை நடுவில் கொண்டு நிறுத்துகிறது. ஆக, ஒரகடத்தில் ஒரு கொரியப் பொறியாளரும் ஒரு வாலாஜாபாத் இளைஞரும் பேசும்போது, ஒத்த அச்சில் எண்ணும் இருவர், இருவருக்கும் அயலான மூன்றாம் அச்சில் திக்கித் திக்கிச் சந்திக்கிறார்கள். அங்கே யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

அதுமட்டுமன்று. அந்த இளைஞர் ‘டு மீ ஃபீவர்’ என்றார் அல்லவா? ஆங்கிலமே முற்காலத்தில் ஏறத்தாழ அப்படித்தான் பேசியது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஆங்கிலத்தில் ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்குத் தோன்றுகிறது’, ‘எனக்குப் பிடிக்கிறது’ என்னும் பொருளில் ‘மீ’ என்று தொடங்கும் வாக்கியங்கள் இயல்பாக வழங்கின. ‘எனக்குத் தோன்றுகிறது’ என்பதன் எச்சமாகிய ‘மீதிங்க்ஸ்’ ஷேக்ஸ்பியர் காலத்திலும் உயிரோடிருந்தது. நாம் நாள்தோறும் சொல்லும் ‘ப்ளீஸ்’ என்னும் சொல்லின் பின்னணியும் அதுவே: ‘இது உமக்கு விருப்பமானால்’ என்பதே அதன் பழம்பொருள். காலப்போக்கில் ஆங்கிலம் அந்த அச்சைக் கைவிட்டு, பசியையும் விருப்பத்தையும் ‘ஐ’ என்னும் செய்பவனிடமே ஒப்படைத்துவிட்டது. தமிழ் அதைப் போற்றி வைத்திருக்கிறது. ஆகவே அந்த இளைஞரின் வாக்கியம் இன்றைய ஆங்கிலத்துக்குப் பொருந்தாதது என்று திருத்தலாம். நகைப்புக்குரியது என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

கேட்பதே முதற்படி

இந்த நெடும் வரலாற்றில் ஒன்று தெளிவாகிறது. வேற்றார் மொழியை உண்மையாகக் கற்றவர் எவரும் தம் அச்சை அதன்மேல் திணித்துக் கற்கவில்லை. எளிய மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று தாழ்மையோடு கேட்டே கற்றனர். சவேரியார் தம் பிழையை மறைக்காமல் திருத்தி எழுதினார். என்றிக்கஸ் அடிகளார் இலத்தீனை ஒருபுறம் வைத்துக்கொண்டு பரதவர் பேச்சுக்குச் செவிசாய்த்தார். வீரமாமுனிவர் புலமையிலிருந்து இறங்கிக் கதை சொன்னார். பெந்தகோஸ்து நாளில் தூய ஆவியார் செய்த அரும்செயலும் இதுவே. எருசலேமில் கூடியவர் அனைவரையும் அவர் ஒரே மொழிக்காரர் ஆக்கிவிடவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் தாய்மொழியில் கேட்கச் செய்தார்.

நம் பிள்ளைகள் ஆங்கிலம் கற்க வேண்டும். அது பிழைப்புக்குத் தேவை. ஆனால் அது அறிவின் அளவுகோலன்று, குடிப்பிறப்பின் சான்றுமன்று என்பதை வீட்டிலும் பங்கிலும் நாம் சொல்லித்தர வேண்டும். இடறும்போது சிரிக்காத ஓர் அவை அவர்களுக்கு வேண்டும். திருச்சபை அத்தகைய அவையாக இருக்க முடியாதென்றால் வேறு எது இருக்க முடியும்?

மூன்றாம் வாரத்தில் நான் அந்த இளைஞரின் வீட்டுக்குச் சென்றேன். மன்னிப்புக் கேட்டேன். சவேரியாரின் ‘எனக்கு வேணும்’ கதையைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, “புனிதருக்கே அப்படியா, சாமி?” என்று கேட்டார். அடுத்த ஞாயிறு வந்தார். ‘ஐ ஹேட் எ ஃபீவர்’ என்று தாமே திருத்திச் சொன்னார். பிறகு, முந்தைய வாரம் எந்திரத்தில் நேர்ந்த பழுதைத் தாம் கண்டுபிடித்த விதத்தைத் தட்டுத்தடுமாறிப் பத்து வாக்கியங்களில் விவரித்தார். வாக்கியங்களில் பிழைகள் இருந்தன. ஒருவரும் சிரிக்கவில்லை, அந்தப் பழுது என்ன என்று அறிவதிலேயே எல்லாரும் கருத்தாயிருந்தனர்.